மலையாண்டியின் சட்டி

மலையை ஆள ராஜா இருந்தும் குளிரை அடக்க ஆளில்லாத காலம் அது. கதை கேட்க வந்தவர்களே, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அந்த மலையில் மடுவூர் என்று ஓர் ஊர். ஊருக்குக் கீழே ஓர் ஏரி, அதன் ஓரத்தில் ஆழமான ஒரு மடு. மார்கழி பிறந்துவிட்டால் ஏரியில் உள்ள கெண்டை மீன்களெல்லாம் குளிர் தாங்காமல் அந்த மடுவில் வந்து ஒடுங்கிக்கொள்ளும். விறைத்துப்போன மீன், கூடையை விட்டு அள்ளினாலும் ஓடாது. இப்படி எளிதாகக் கிடைப்பதால்தான் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பனிக்காலத்தில் ஒரு வீடு, ஒரு நாளைக்கு, ஒரு சட்டி நிறைய மீன் எடுக்கலாம். எடுத்ததை அந்தச் சட்டியிலேயே வறுத்து, அந்த வீடே தின்ன வேண்டும். அதனால்தான் தை முடியும் வரை எல்லார் வீட்டிலும் மீன் மணத்தது.

அந்த ஊரில் மலையாண்டி என்று ஒரு பெரிய மனிதர். பெரியவர் என்று யார் சொன்னது? அவர்தான் சொன்னார். ஊர்த்தலைவர் இறந்துபோய் அந்த இடம் காலியாக இருந்தது. தைப் பிறப்பன்று ராஜா வந்து புதுத் தலைவரை அமர்த்தப்போகிறார் என்று சேதி வந்ததிலிருந்து மலையாண்டிக்குத் தூக்கமில்லை. ராஜாவுக்கும் பரிவாரத்துக்கும் தானே மீன் வறுத்துப் போட்டால் தலைமை தன் மடியில் விழும் என்று கணக்குப் போட்டார். ஆனால் ஒரு சட்டி மீன் பரிவாரத்துக்கு எப்படிக் காணும்?

குயவரிடம் போனார். முறம் அகலத்துக்கு ஒரு சட்டி செய்யச் சொன்னார். அது நிறைய மீன் அள்ளினார். ஊர் பார்த்தது. சட்டிதானே என்று பேசாமல் இருந்தது.

பரிவாரத்துக்கு அது காணாது என்று மறுபடி போனார். வண்டிச்சக்கரம் அகலத்துக்கு ஒரு சட்டி வாங்கினார். அதுவும் நிறைய அள்ளினார். ஊர் முணுமுணுத்தது. அப்போதும் சட்டிதானே என்று விட்டுவிட்டது.

மூன்றாம் முறை அவர் கையை விரித்துக் காட்டிய அளவைப் பார்த்துக் குயவர் மிரண்டுபோனார்.

"ஏனுங்க, இது சட்டி இல்லீங்க, தொட்டிங்க."

"ரெண்டு பக்கம் காது வையி. சட்டி ஆயிரும்," என்றார் மலையாண்டி.

காது வைத்தார் குயவர். சூளைக்குள் அடங்காமல் வெட்டவெளியிலேயே சுட்டார்கள். தூக்க ஆள் திரட்டினார்கள். வீட்டு வாசலில் அது நுழையவில்லை. மலையாண்டியின் மனைவி அங்காயி உள்ளிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"சட்டி உள்ள வராது. நீங்களாச்சும் வர்றீங்களா, இல்ல உங்களுக்கும் வாசல் பத்தலயா?" என்று கேட்டாள்.

மலையாண்டி காதில் வாங்கவில்லை. தைப் பிறப்பன்று விடியலில் மடுவைக் கலக்கிக் கிடைத்த மீனையெல்லாம் அள்ளிச் சட்டியை நிரப்பினார். பின்னால் வந்தவர்கள் தத்தம் சின்னச் சட்டிகளோடு சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பல்லை நடுக்கும் குளிரில் வெறுஞ்சட்டியோடு வீடு திரும்புவது எவ்வளவு வேதனை! பண்டிகை நாளில் குழந்தைகளுக்கு அவர்கள் என்ன சொல்வார்கள்?

ராஜா வந்தார். சட்டிக்கு அடியில் தீ எரிந்தது. விறகு தீர்ந்து வேலிப்படலையும் பிடுங்கிப் போட்டார் மலையாண்டி. அடியில் இருந்த மீன் கரியாகிவிட்டது. நடுவில் இருந்தது வேகவே இல்லை. மேலே கிடந்ததோ, லேசாகச் சூடு பட்டதும் தெம்பு வந்து துள்ள ஆரம்பித்தது.

"யாருடைய சட்டி இது?" என்று கேட்டார் ராஜா.

"என் சட்டிங்க மகராசா! என் வீட்டுச் சட்டி! முழுசும் என் சட்டி!"

மீன் எடுக்க ஊர் வழக்கம் என்ன என்று ராஜா ஊராரைக் கேட்டார். அங்காயி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்படியா! ஒரு வீட்டுச் சோற்றை நான் பிடுங்கித் தின்னலாமா?" என்றார் ராஜா. "மலையாண்டி, உட்காரும். சட்டி உம்முடையது. வழக்கப்படி நீரே தின்று தீர்க்க வேண்டும்."

மலையாண்டி உட்கார்ந்தார். முதல் கை கரி. இரண்டாம் கை பச்சை. மூன்றாம் கையில் எடுத்த மீன் அவர் மீசையில் வாலால் ஓர் அடி வைத்தது. எதிரே மலை போலக் குவிந்து கிடந்த மீதியைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது.

"மகராசா, என்னய விட்டுருங்க! இது சட்டியே இல்லீங்க, தொட்டிங்க!"

ஊர் சிரித்த சிரிப்பில் ஏரிப் பறவைகள் எழும்பிப் பறந்தன. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. உயிரோடிருந்த மீனையெல்லாம் மடுவில் விடச் சொன்னார். தொட்டியை ஏரிக்கரையில் எருமைகளுக்கு வைக்கச் சொன்னார். பிறகு, "இனி இந்த ஊரில் தலைவர் எவரோ, அவர் வீட்டுச் சட்டிதான் ஊரிலேயே சின்னதாக இருக்க வேண்டும். யாருக்கு வேண்டும் தலைமை?" என்று கேட்டார்.

தலைமைக்கு ஆசைப்பட்டு முன்வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிட்டது. மிஞ்சியது அங்காயி மட்டும்தான். ராஜா அவளையே தலைவியாக்கினார். அவள் குயவரிடம் போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சட்டி கேட்டாள். அந்தப் பனிக்காலம் முடியும் வரை மலையாண்டிக்கு நாளுக்கு ஒரு கெண்டைதான், அதுவும் வால் பக்கம்.

ஊர் வழக்கத்தைத் தன் ஆசைக்கு ஏற்ப நீட்டுகிறவன், ஒரு நாள் தன் வாயாலேயே தன் திருட்டைச் சொல்லி அழுவான்.