ராணி நடந்து பார்த்த ராஜவீதி

வா, காலை நீட்டிப் படு. போர்வையை இப்பவே உதைக்காதே கயலு. அத்தை கதை சொல்றேன், நீ "ம்" போட்டுக்கிட்டே வரணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு தெரு இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காதே, ராஜாவும் இருந்தாரு. ஆனா தெருதான் முதல்ல வந்துச்சு. அவரோட தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கறதுக்கும் முன்னாடி போட்ட தெரு அது. அரண்மனை வாசல்ல ஆரம்பிச்சு கோயில் வாசல் வரைக்கும் ஒரே நேர்க்கோடு. ராஜவீதின்னு பேரு. ரெண்டு பக்கமும் தோளோட தோள் உரசிக்கிட்டு வீடுங்க, வீட்டு முன்னாடி கடைங்க. வளையல் கடையில கிலுகிலு, பாத்திரக் கடையில டங்கு டங்கு, எண்ணெய்ச் செக்கு கிறீச் கிறீச். விடிஞ்சதிலேருந்து சத்தம் ஓயாது.

அந்த ஊர் ராணி பேரு செம்பகவல்லி. கல்யாணம் ஆகி வந்தப்போ மூடுபல்லக்குல வந்தா. அதுக்கப்புறம் கோயிலுக்குப் போனாலும் மூடுபல்லக்குதான். நாலு பக்கமும் கெட்டிச் சிவப்புத் திரை. ராணியை யாரும் பார்க்கக் கூடாதாம். பல்லக்கு கிளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தன் டமடம டமடமன்னு பறை அடிச்சுக்கிட்டு ஓடுவான். உடனே எல்லாரும் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கணும். படார், படார், படார்! அவ்வளவுதான், தெருவே செத்துப்போன மாதிரி ஆயிடும். அப்புறம் பல்லக்கு போகும்.

அப்போ ராணி தெருவைப் பார்த்திருப்பாளா?

"இல்ல."

பார்த்ததே இல்ல! தெருவும் அவளைப் பார்த்ததே இல்ல. பல்லக்கு தூக்கறவங்கள்ல சடையாண்டின்னு ஒருத்தர். திரைக்கு உள்ளே இருந்து ராணி கேப்பா: "சடையாண்டி, ராஜவீதி எப்படி இருக்கும்?"

அவரு சொல்லுவாரு: "நீளமா இருக்கும் தாயி."

"அப்புறம்?"

"அப்புறமும் நீளமாத்தான் இருக்கும் தாயி."

ஏன் சிரிக்கிறே? பல்லக்கைத் தோள்ல வெச்சுக்கிட்டு நடக்கறவருக்கு வேற என்ன தெரியும்?

அப்போ ஒரு நாள், நல்ல உச்சி வெயில். ராணிக்கு அன்னிக்கு விரதம். நகை கிகை ஒண்ணும் இல்ல, மஞ்சப்புடவை, கழுத்துல தாலிக்கயிறு, அவ்வளவுதான். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுட்டுத் திரும்பி வந்துக்கிட்டிருக்கா. பாதி வழியில... மடார்! பல்லக்கைத் தூக்கற கொம்பு ரெண்டா ஒடிஞ்சுது. பல்லக்கு தொப்புன்னு கீழே விழுந்துச்சு. திரையெல்லாம் சுத்திக்கிட்டு ராணி உருண்டு தெருவுல விழுந்தா.

எழுந்து பார்க்கறா. முன்னாடியும் தெரு, பின்னாடியும் தெரு. வானம் இவ்வளவு பெருசா! திகைச்சுப் போய் நிக்கறா. அதுக்குள்ள தூக்கிட்டு வந்த ஆளுங்க, "ஐயோ, ராணியம்மா வெளியில வந்துட்டாங்க!"ன்னு கையால முகத்தைப் பொத்திக்கிட்டு, வேற பல்லக்கு கொண்டு வர அரண்மனைக்குக் குடுகுடுன்னு ஓடிட்டாங்க. ஒருத்தர் மட்டும் ஓடல. அவரு காலு பல்லக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு.

"நீ ஓடலையா? நீ யாரு?"ன்னு கேட்டா ராணி.

"சடையாண்டி, தாயி."

ராணிக்குத் திக்குனு ஆயிடுச்சு. இத்தனை வருஷமா குரலை மட்டும் கேட்டிருக்கா. யாரோ வாலிபப் பையன்னு நினைச்சுக்கிட்டிருந்தா. இங்கே பார்த்தா தலையெல்லாம் பஞ்சு, பல்லு பாதி இல்ல, தோள்ல கல்லு மாதிரி ஒரு காய்ப்பு. "இவ்வளவு வயசானவர் தோள்லயா நான் உக்காந்துக்கிட்டு வந்தேன்?"ன்னு அவளுக்கு உடம்பே கூசிடுச்சு. பல்லக்கை நெம்பி அவரு காலை வெளியில எடுத்தா. பாதம் நசுங்கி ரத்தம். அவரு, "தண்ணி... தண்ணி..."ங்கறாரு.

தண்ணிக்கு எங்கே போறது? ராணி செருப்பு இல்லாம நடந்தா. வெயில்ல காஞ்ச கல்லு. சுள்ளுன்னு சுட்டுச்சு. ரெண்டு எட்டு வெச்சா, குதிச்சா. மறுபடி ரெண்டு எட்டு வெச்சா, குதிச்சா. முதல் வீட்டுக் கதவைத் தட்டினா. டொக் டொக் டொக்.

"யாரது?"ன்னு உள்ளே இருந்து ஒரு ஆம்பளைக் குரல்.

"கொஞ்சம் தண்ணி வேணும்."

"ராணி போற நேரம். கதவைத் திறந்தா தலை போயிடும். அப்புறமா வா."

"நான்தாங்க ராணி."

"அப்படியா? நீ ராணின்னா நான் கோயில் யானை. போம்மா!"

திறக்கவே இல்ல அந்த ஆளு. அடுத்த வீட்டைத் தட்டினா. உள்ளே ஏதோ குழந்தை பேசற சத்தம், உடனே யாரோ வாயைப் பொத்தற சத்தம். அங்கேயும் திறக்கல. தன்னைப் பார்த்து ஊரே இப்படிப் பயந்து கிடக்குன்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தனக்கு மரியாதை பண்றாங்கன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தா!

ம் சொல்லு.

"ம். மூணாவது வீடு?"

மூணாவது வீட்டுக்கு எதிர்வரிசைக்குப் போனா. அந்த வரிசையில ஒவ்வொரு கதவுலயும் சுண்ணாம்பால வெள்ளையா ஒரு கோடு. இந்தக் கதவு, அந்தக் கதவு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோடு. ஏதோ பண்டிகை போலன்னு நினைச்சுக்கிட்டா. ஒரு கதவுல கையை வெச்சா. தட்டறதுக்கு முன்னாடியே கிரீ...ச்சுன்னு திறந்துக்கிச்சு.

உள்ளே காலை வெச்சா. வெச்சவ அப்படியே நின்னுட்டா.

கதவு இருக்கு. வீடு இல்ல!

"வீடு எங்கே போச்சு அத்தை?"

அதைத்தான் அவளும் கேட்டா. கூரை இல்ல, உள்சுவர் இல்ல. தெருப்பக்கம் ஒரே ஒரு சுவரும் அந்தக் கதவும் மட்டும் நிக்குது. உள்ளே மண்ணும் ஓட்டுச்சில்லும் குவிஞ்சு கிடக்கு. நடுவுல ஒரு அடுப்பு எரியுது. அடுப்புக்கிட்ட ஒரு அம்மா குந்தி உக்காந்து கஞ்சி கிண்டறா. பக்கத்துல புடவையைக் கூடாரமாட்டம் கட்டி, அதுக்குள்ள ஒரு பொண்ணு படுத்திருக்கா. அவ பக்கத்துல இத்தனூண்டு பச்சைக் குழந்தை.

அந்த அம்மா பேரு உடையாள். நிமிர்ந்து பார்த்தா. "ஏம்மா, வெயில்ல செருப்புக்கூட இல்லாம வந்திருக்கியே, யாரு நீ?"

"வெளியில ஒருத்தருக்கு அடிபட்டிருக்கு. தண்ணி வேணும்."

உடையாள் மறுபேச்சு பேசல. ஒரு செம்புத் தண்ணியைத் தூக்கிக்கிட்டு, கிழிசல் துணி ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓடினா. சடையாண்டிக்குத் தண்ணி குடுத்து, காலைக் கழுவிக் கட்டு போட்டா. ரெண்டு பேருமாத் தாங்கிப் பிடிச்சு, அந்தக் கதவு வழியா உள்ளே கொண்டு வந்து, சுவர் நிழல்ல உக்கார வெச்சாங்க. அவருக்கு வலியில கண்ணு சொருகிடுச்சு. அப்புறம் உடையாள் திரும்பிப் போய் மறக்காம அந்தக் கதவைச் சாத்தினா.

"வீடே இல்லையே, கதவை எதுக்குச் சாத்தறீங்க?"ன்னு கேட்டா ராணி.

"ராணி போறப்போ சாத்தணும்னு சட்டம். வீடு இருக்கணும்னு சட்டம் இல்லையே!"

"வீடு என்ன ஆச்சு?"

"உனக்குத் தெரியாதா? ஊருக்குப் புதுசா? இளவரசருக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்போ ராணி சாமிகிட்ட வேண்டிக்கிட்டாளாம். புள்ளை பொழைச்சா இதுவரைக்கும் யாரும் பார்க்காத பெரிய தேரா ஓட்டறேன்னு. ராஜாவும் செஞ்சுட்டாரு. தேரு பெருசு, தெரு சின்னது. கதவுல கோடு போட்டிருக்கற இந்த வரிசை முழுக்க இடிக்கணுமாம். நேத்து எங்க வீட்டுலதான் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ராணி கோயிலுக்கு வர்றான்னு வேலையை நிறுத்தியிருக்காங்க. நாளைக்குக் காலையில வந்து மிச்சத்தையும் இடிப்பாங்க."

ராணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஏன்னா அது நிஜம். அவ வேண்டிக்கிட்டா. பையன் உடம்பு நெருப்பாக் கொதிச்ச அன்னிக்கு, சாமி படத்து முன்னாடி விழுந்து அழுது, பெரிய தேரா ஓட்டறேன்னு சொன்னா. பையனும் பொழைச்சான். தேரு எந்தத் தெருவுல போகும், அந்தத் தெரு எவ்வளவு அகலம், அதுல யாரு இருக்காங்கன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

மெதுவாக் கேட்டா. "ராணி மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

"கோவமா? காலையிலேருந்து சாபம் விட்டுக்கிட்டுதான் கஞ்சி கிண்டறேன். என் மருமக நேத்துப் புள்ளை பெத்தா. சுவரை இடிக்கற சத்தத்துலதான் அது பொறந்துச்சு. கோவம் இல்லாம இருக்குமா?" அப்படின்னு சொல்லிட்டு உடையாள் குரலைத் தாழ்த்திக்கிட்டா. "அவ புள்ளை மேல மட்டும் சாபம் விடல. அது என்ன பண்ணும் பாவம்."

ராணியால அதுக்கு மேல தாங்க முடியல. "நான்தான் அது"ன்னா.

"எது?"

"நான்தான் செம்பகவல்லி."

டணங்! கரண்டி கீழே விழுந்துச்சு. உடையாள் மூஞ்சியில ரத்தமே இல்ல. அந்த மஞ்சப்புடவையைப் பார்க்கறா, கொப்பளிச்ச பாதத்தைப் பார்க்கறா. வாயைத் திறந்து சாபம் விட்டதை எல்லாம் நினைச்சுப் பார்க்கறா. தலை போயிடும்னு நினைச்சிருப்பா. கஞ்சி மட்டும் தளதளன்னு கொதிக்குது.

அப்புறம் உடையாள் என்ன கேட்டா தெரியுமா?

"என்ன கேட்டா?"

"புள்ளைக்குக் காய்ச்சல் நல்லா விட்டுடுச்சா?"ன்னு கேட்டா.

ராணி வாய்விட்டு அழுதுட்டா.

அப்போ வெளியில திமுதிமுன்னு சத்தம். வேற பல்லக்கு வந்துடுச்சு, காவக்காரங்களும் வந்துட்டாங்க. "ராணியம்மா, ஏறுங்க, யாராவது பார்த்துடப் போறாங்க!"ன்னு பதறினாங்க. ராணி ஏறல. சடையாண்டியைக் கைகாட்டி, "இவரை ஏத்துங்க"ன்னா.

"ஐயையோ, பல்லக்குலயா?"

"காலு நசுங்கினது அவருக்குத்தானே? ஏத்துங்க!"

பல்லக்கு முன்னாடி போகுது. பின்னாடி ராணி நடக்கறா. கதவிடுக்குல பார்த்தவங்க எல்லாம், "ஆ!"ன்னு வாயைப் பொளந்துட்டாங்க. திரை காத்துல விலகினா உள்ளே தாடியோட ஒரு பெரியவர், கூனிக் குறுகிப் போய் உக்காந்திருக்காரு! ஒரு கதவு திறந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. கோயில் யானைன்னு சொன்னாரே ஒருத்தரு, அவரும் திறந்து பார்த்தாரு. பார்த்து அப்படியே வாசப்படியில சரிஞ்சு உக்காந்துட்டாரு.

ராணி ஒவ்வொரு வீடாப் பார்த்துக்கிட்டே நடந்தா. தறி ஓடற வீடு, எண்ணெய் மணக்கற வீடு, மாடத்துல கிளிக்கூண்டு தொங்கற வீடு. அந்த வரிசையில எல்லாக் கதவுலயும் அந்த வெள்ளைக்கோடு.

அரண்மனையில ராஜா அலறிட்டாரு. "நடந்தா வந்தே? தெருவுலயா? எல்லாரும் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. நானும் பார்த்தேன். அந்த வீடுங்களை இடிக்கக் கூடாது."

"செம்பகம், வேண்டுதல் விளையாட்டு இல்ல. தேர் ஓடலைன்னா சாமி குத்தம். புள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்தா?"

அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் குத்திடுச்சு. அவளுக்கும் அதே பயம்தானே? விடிய விடியப் பையன் நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே கிடந்தா. சாமிகிட்ட என்ன பேசினாளோ, நமக்குத் தெரியாது. ஆனா பொழுது விடிஞ்சதும் பையனைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, கொப்பளிச்ச காலோட விடுவிடுன்னு நடந்து போய், உடையாள் வீட்டு மண்மேட்டு மேல உக்காந்துட்டா.

கடப்பாரைக்காரங்க வந்தாங்க. ராணியைப் பார்த்துக் கடப்பாரையைக் கீழே போட்டாங்க, டங், டங், டங். விஷயம் ராஜாவுக்குப் போச்சு. அவரு கோவமா, பல்லக்குக்குக்கூடக் காத்திருக்காம, வேகவேகமா நடந்து வந்தாரு. அவரும் இந்தத் தெருவுல அதுவரைக்கும் நடந்ததே இல்ல! வந்தவரு அந்தக் கதவைப் பட்டுன்னு தள்ளிக்கிட்டு உள்ளே நுழைஞ்சாரு. நுழைஞ்சவரு நின்னாரு.

எதிர்ல மண்மேடு. அது மேல அவரோட மகன். அந்தப் பக்கம் புடவைக் கூடாரத்துல பச்சைக் குழந்தை வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு ங்ஙா... ங்ஙான்னு அழுவுது. உடையாள் முந்தானையை விரிச்சு அதுக்கு நிழல் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. ராஜா திரும்பிக் கதவைப் பார்த்தாரு, மேல வானத்தைப் பார்த்தாரு. "இங்கே... வீடு இருந்துச்சா?"ன்னாரு.

உடையாள் கண்ணாலயே அடுப்பைக் காட்டினா.

கடப்பாரைக்காரங்கள்ல ஒருத்தன் மெதுவாக் கேட்டான். "மகாராஜா, மிச்சத்தை இடிக்கலாமா?"

ராஜா அந்தக் கதவைத் தொட்டாரு. "முதல்ல இந்தக் கதவுக்கு ஒரு வீட்டைக் கட்டுங்கடா."

ம் சொல்லு கயலு.

"ம்... சாமி கோவிச்சுக்கலையா அத்தை?"

கோவிச்சுக்கிட்ட மாதிரி தெரியல. பையன் மறுநாளு மாடிப்படியில உருண்டு மூக்கை ஒடைச்சுக்கிட்டான். அது சாமி இல்ல, அவன் சேட்டை.

அந்தத் தேரை என்ன பண்ணாங்கன்னு கேளு. பிரிச்சுட்டாங்க. அத்தனை பெரிய தேரு, எத்தனை மரம் இருக்கும்? அதையெல்லாம் உடையாள் வீட்டுக் கூரைக்கு உத்திரமாப் போட்டாங்க. மிஞ்சினதை அந்த வரிசையில ஓட்டைக் கூரை இருந்த வீட்டுக்கெல்லாம் குடுத்தாங்க. தேருல செதுக்கின குதிரையெல்லாம் இருக்குமே, அதை யாரும் சீவித் தள்ளல. அப்படியே மேல ஏத்திட்டாங்க.

அப்போ அந்தப் பச்சைக் குழந்தை தூளியில படுத்துக்கிட்டு மேல பார்த்தா, மரக்குதிரை. காலைத் தூக்கிக்கிட்டு, பிடரி பறக்க, டக் டக், டக் டக்னு கூரை மேல ஓடற மாதிரி இருக்குமாம். அதைப் பார்த்துக்கிட்டே இருக்குமாம். பார்த்துக்கிட்டே இருக்கறப்போ கண்ணு மெல்ல மெல்ல...

கயலு?

"..."

சரிதான். "ம்" நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. தூங்கு தங்கம்.