மூன்றடி ஏற்றுப்பலகை

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லித் தன்னைப் பெரிய வீராங்கனை ஆக்கிவிடுவார்களோ என்று பாவாத்தாளுக்கு இன்றைக்கும் பயம். உண்மையில் அன்று அவள் செய்ததெல்லாம் வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான்.

வெல்டிங் பட்டறையில் அவள் மட்டும் இருந்த நாளாகப் பார்த்து, அரிசி ஆலை முதலாளி கனகசபாபதி ஒரு டிரெய்லரோடும் குட்டி டிராக்டரோடும் வந்து நின்றார். டிராக்டரை டிரெய்லரில் ஏற்ற, சாய்த்துப் போடும்படி அவருக்கு இரண்டு இரும்புப் பலகைகள் வேண்டுமாம். டிரெய்லரின் தளமோ இரண்டரை அடி உயரம்.

"மூணடி நீளம் போதும். வால் மாதிரி நீட்டிக்கிட்டுக் கிடந்தா என் வண்டிக்கு அசிங்கம்."

"செவுத்துல ஏறுற மாதிரி இருக்குமுங்க. டிராக்டர் மல்லாந்துரும்."

"நேத்து வரைக்கும் இரும்புத்தூள் கூட்டுனவ, எனக்குப் பாடம் நடத்துறியா? செய்யலைன்னா உன் மொதலாளிகிட்டச் சொல்லிடுவேன், நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது!"

செய்தால் டிராக்டர் கவிழ்ந்து பழி வரும். செய்யாவிட்டால் வேலை போகும். பயத்தில் வாய்க்கு வந்த பொய்யை எடுத்துவிட்டாள்.

"செஞ்சுடலாமுங்க. ஆனா எங்க பட்டறையில ஒரு வழக்கம். மொதத் தடவை வண்டி ஏறுறப்ப, அளவு சொன்னவங்க அதுக்குப் பின்னாலயே நிக்கோணும்."

கனகசபாபதி டிரெய்லரைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அப்ப நீயே அளவைச் சொல்லு!"

'எட்டு' என்று சொல்ல வாயெடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன பொய் இப்போது அவளையே அல்லவா டிராக்டருக்குப் பின்னால் நிறுத்தப் பார்க்கிறது! எட்டடி சரியான அளவுதான். ஆனால் தன் கணக்கின்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

அளவு டேப்பை எடுத்து, டிரெய்லர் விளிம்பிலிருந்து தரைவரை, எட்டடி வருகிற இடமாகப் பார்த்துச் சாய்வாக இழுத்துப் பிடித்தாள்.

"எனக்குப் படிப்பு பத்தாதுங்க. எத்தனைன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

"எட்டடி!" என்றார் கனகசபாபதி, தெருவுக்கே கேட்கும்படி.