துண்டு போர்த்திய கை

“தப்பு முழுக்க அந்த அம்மா மேலதான் மேடம்,” என்றான் ஆவுடையப்பன்.

குழந்தைகள் வார்டில் பயிற்சி டாக்டர் அவன். பச்சைப் பிள்ளைக்கு ஊசி போட நரம்பு பிடிப்பதில் கைராசிக்காரன் என்று பேர். பெருமையும் கொஞ்சம் உண்டு.

பெரிய டாக்டர் ஜெபக்கனி, ஓடிக்கொண்டிருந்த டிரிப்ஸை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கைக்கட்டைப் பிரித்தார்.

புறங்கை பணியாரம்போல உப்பியிருந்தது. மருந்து நரம்பைவிட்டு நழுவித் தோலுக்கடியில் இறங்கியிருந்தது. பிறந்து ஒரு மாசம்கூட ஆகாத பிள்ளை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

ஊசிக்குழாயை அவர் உடனே உருவவில்லை. அதன் வழியாகவே உள்ளே தேங்கியதை வந்தமட்டும் மெல்ல உறிஞ்சினார். பிறகு எடுத்தார். கையை மடித்த துணிமேல் உயர்த்தி வைத்தார். வீக்கத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார்.

“கோட்டைத் தாண்டுதான்னு பாரு. தோல் கறுத்தா சர்ஜனைக் கூப்பிடு.”

“கை தப்பிச்சிருமா மேடம்?”

“விரல்ல ரத்தம் ஓடுது. தோல் என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாது.”

காலில் நரம்பு தேடி வேறு ஊசி போட்டார். குத்திய இடம் கண்ணுக்குத் தெரியும்படி பிளாஸ்திரி ஒட்டினார்.

ஆவுடையப்பனுக்கு ஆறவில்லை.

“வரும்போதெல்லாம் கேட்டேன் மேடம். ‘ஒண்ணுமில்லையே?’ன்னா, ‘இல்ல சார்’ங்குது. மேல துண்டை வேற போட்டு மூடி வச்சிருக்கு. பெத்த தாய் செய்யுற காரியமா இது?”

“ஏன் மூடுனா?”

“விவரம் பத்தாது. வேறென்ன?”

“அவகிட்ட கேட்டியா?”

கேட்கவில்லை.

தாய் இசக்கி, கட்டிலின் அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றாள். அழக்கூடப் பயந்து முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“ஏம்மா மறைச்சே?” கோபமாகத்தான் கேட்டான்.

“வீங்குறது தெரிஞ்சுது சார்.”

“தெரிஞ்சுமா?”

“நீங்கதான நேத்து சொன்னிய. இந்த ஊசி போச்சுன்னா வேற எடமே இல்ல, தலையச் சிரைச்சு மண்டையிலதான் குத்தணும்னு.” பிள்ளையின் தலையைத் தொட்டாள். “அதான் ஒருத்தர் கண்ணுலயும் படாம, ஊசியப் பத்திரமாப் பாத்துக்கிட்டேன்.”

அவன் சொன்னதுதான். பிள்ளை இழுத்துப் பிடுங்கிவிடாமல் தாய்மார் கவனமாக இருக்கட்டும் என்று சும்மா மிரட்டுவது. எல்லாத் தாய்மாரிடமும் சொல்வான்.

ஜெபக்கனி கையைக் கழுவப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் மெல்லத் திரும்பி வார்டைப் பார்த்தான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய், பிள்ளையின் கைமேல் துண்டை இழுத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள், அவன் கேட்பதற்கு முன்பே.