கடைசி அத்தியாயம் இல்லாத நாவல்

முழுதாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

போடிநாயக்கனூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள் அழகுராணி. ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களுக்குப் பல வருடங்களாகக் காயம் கட்டியவள். அவர்களைப் பற்றியே ஒரு நாவல் எழுதினாள். அதைக் கேள்விப்பட்ட அந்தப் பெண்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "எங்கள்ல எத்தனையோ பேரு மலையிலேயே போய்ச் சேந்துட்டாளுக. உங்க கதையில வர்ற பேச்சியையாவது வீட்டுல கொண்டுபோய்ச் சேத்துருங்க சிஸ்டர்."

வாக்குக் கொடுத்தாள். கடைசி அத்தியாயத்தில் பேச்சி வீடு வந்து, மகளைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள்.

நாவலுக்குப் பெரிய விருது கிடைத்தது. நடுவர் குழுத் தலைவர் பேராசிரியர் வேதநாயகி பத்திரிகையில் எழுதியிருந்தார்: "பாதி மலையில் ஜீப்பை நிறுத்தி இறங்கிப் பனிக்குள் நடக்கிறாள் பேச்சி. அத்தோடு நாவல் முடிகிறது. அவள் என்ன ஆனாள் என்று சொல்லாமல் விட்டதே இதன் மேன்மை."

அழகுராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொல்லாமயா விட்டேன்? பதினாறு பக்கம் சொல்லியிருக்கேனே!"

பதிப்பாளர் காசிராஜனைப் போனில் பிடித்தாள். அவர் மென்று விழுங்கினார். பைண்டிங்கில் ஒரு கட்டுப் பிரதிகளில் கடைசிப் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன. கடையில் விற்க முடியாது, போட்டிக்காவது ஆகட்டும் என்று அதிலிருந்தே அனுப்பியிருக்கிறார்.

"யாருக்கும் தெரியாது சிஸ்டர். பேசாம விருதை வாங்கிட்டு வாங்க. அடுத்த பதிப்புலயும் அந்த அத்தியாயம் வேண்டாம்."

"அது பக்கம் விட்டுப்போன பொஸ்தகம்ணே!"

"அதுக்குத்தானே விருதே கொடுத்திருக்காங்க!"

விழா மேடையில் விருதை வாங்கியவள், நடந்ததைச் சொல்லி, ஏற்புரைக்குப் பதிலாக அந்தக் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். பிறகு விருதை வேதநாயகியிடம் நீட்டினாள். "நீங்க படிச்சது என் நாவல் இல்ல மேடம். எடுத்துக்குங்க."

"இந்த அத்தியாயத்தோட படிச்சிருந்தா நான் இதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்," என்றார் வேதநாயகி. "ஆனா நான் படிச்ச ஒவ்வொரு வரியும் நீங்க எழுதினது. திரும்ப வாங்க மாட்டேன்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

விருதை மேஜைமேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள் அழகுராணி. கூட்டம் கலைந்ததும் காசிராஜன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கடைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்.

மறைக்கச் சொன்ன காசிராஜன், திருப்பிக் கொடுத்த அழகுராணி, வாங்க மறுத்த வேதநாயகி: இந்த மூவரில் யார் செய்தது சரி? விருது யாருக்குச் சேரும்?

விடை: காசிராஜனைத் தள்ளிவிடலாம், குறை தெரிந்தே அனுப்பியவர். அழகுராணி உண்மையைச் சொன்னது சரி, விருதைத் திருப்பியது கோபத்தில் செய்தது. பைண்டிங்கில் பக்கங்கள் குறைந்தனவே தவிர, வேறு எவரும் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை. எனவே வேதநாயகி செய்ததே சரி, விருது அழகுராணிக்கே. ஆனால் நாவல் எங்கே முடிய வேண்டும் என்பது எழுதியவள் பாடு. கோபம் ஆறியதும் அவளுக்கும் இந்த இரண்டும் விளங்கின. கடைக்குப் போய் விருதை எடுத்துவந்தாள். நாவலை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்தாள். முழு நாவலும் வெளிவந்தது. "கடைசி அத்தியாயம் வேண்டாத சுமை" என்று வேதநாயகி மதிப்புரை எழுதினார். "நீங்க சொல்லிக்கிட்டே இருங்க மேடம்," என்று முணுமுணுத்தபடி, புத்தகக் கட்டோடு ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள் அழகுராணி.