மேற்குச் சன்னல்

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை.

உள்ளே போவாள், வாசலைத் தானே பூசுவாள். உடுத்த சிறகை உதிர்த்துப் போடுவாள். புதுச் சிறகு முளைத்த பின்தான் வெளியே வருவாள். அவள் யார்?

தெரியவில்லையா? பெரிய மஞ்சள் அலகுள்ள இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசிக்கொள்ளும். உள்ளே இருக்கும்போது சிறகும் வாலும் உதிர்ந்துவிடும். ஆண் பறவைதான் வெளியிலிருந்து இரை கொண்டுவந்து கொடுக்கும். இந்த விடை எல்லா இருவாச்சிகளுக்கும் தெரியும். பொன்னலகனுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு காட்டில், மலைச்சரிவில் நின்ற முதிய மரத்தில், பொன்னலகன் ஒரு பொந்தைக் கண்டான். புதிதாகப் பொந்து குடைய வேண்டியதில்லை. மழை ஒழுகாது. அதன் வாசல் கிழக்கே பாறையைப் பார்த்து இருந்தது. மேற்கே, காட்டு விலங்குகள் எல்லாம் கூடும் அத்தி மரம்.

அவன் மனைவி வெண்சிறகி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல இடம். பாறைப் பக்க வாசலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் விட்டுக்கொள்கிறேன். வெளிச்சத்துக்குத் தலைக்கு மேலே, மழை விழாதபடி சாய்வாக ஒரு துளை போதும். வானம் தெரியும்."

"கீறலும் துளையுமா? இதை யாரிடம் காட்டுவது?" என்றான் பொன்னலகன்.

"ஏன் காட்ட வேண்டும்?"

அவன் நேராக மரங்கொத்தியிடம் போனான். மரங்கொத்தி சொன்னதைச் சொன்னபடி செய்யும், ஒன்றும் கேட்காது.

"அத்தி மரத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி மேற்கே ஒரு சன்னல் வேண்டும். நீளமாக இருக்கட்டும். மந்தியின் கை மட்டும் நுழையக் கூடாது."

"ஆகட்டும்" என்றது மரங்கொத்தி.

சன்னல் வந்தது. வெண்சிறகி அதன் முன் நின்று பார்த்தாள். "கை நுழையாது, சரி. கண் நுழையுமே?"

"கண் என்ன செய்துவிடும்?" என்று சிரித்தான் பொன்னலகன். "உனக்கு வெளிச்சம்தானே வேண்டும்? பாறைப் பக்கத்தை முழுவதும் பூசிவிடு. நான் இந்தப் பக்கமாகவே இரை தருகிறேன்."

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. வேறு பொந்து தேட நேரமில்லை. அவள் உள்ளே போய் வாசலைப் பூசிக்கொண்டாள்.

பொன்னலகன் பழம் பறிக்கப் போகும்போதெல்லாம் அத்தி மரத்தில் சற்று அதிக நேரம் உட்கார்ந்தான். அங்கே கருமந்தி இருந்தது. யாரையாவது கேலி செய்யாமல் அதற்குப் பொழுது போகாது. ஆனால் சன்னலைப் பார்த்து அதுவே வியந்தது.

"அண்ணே, இது வீடா, அரண்மனையா?"

"ஏதோ நம்மால் முடிந்தது" என்று பொன்னலகன் கழுத்தை வளைத்துக்கொள்வான்.

பொந்துக்குள் முட்டை பொரிந்தது. வெண்சிறகியின் சிறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வாலும் உதிர்ந்தது. பிற்பகலில் மேற்கு வெயில் சன்னல் வழியே நேராக உள்ளே விழும். ஒதுங்க ஒரு மூலைதான் இருந்தது.

ஒருநாள் அவள் குஞ்சுக்கு ஊட்ட நடுவில் வந்து நின்றாள். வெயில் அவள் மேல் விழுந்தது.

"அண்ணே" என்றது கருமந்தி. "உன் அரண்மனைக்குள் யாரோ உரித்த கிழங்கை வைத்திருக்கிறார்கள். அட, அது நடக்கிறது."

அத்தி மரமே சிரித்தது. கிளைக்குக் கிளை எட்டிப் பார்த்தார்கள்.

"உன் வீட்டுக்காரி அழகி என்றாயே. அவள் எங்கே? இது யார்?"

பொன்னலகன் அலகைத் திறந்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். "நானும் யாரென்றுதான் பார்க்கிறேன்" என்று சொல்லி, அவர்களோடு சேர்ந்து சிரித்தான்.

இருவாச்சியின் குரல் மலை முழுவதும் கேட்கும். பொந்துக்குள்ளும் கேட்டது.

அவன் பழத்தோடு சன்னலுக்கு வந்தபோது, வாங்க அலகு வரவில்லை. வெண்சிறகி குஞ்சை அணைத்தபடி மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பழம் கொண்டுவந்திருக்கிறேன்."

பழத்தை உள்ளே போட்டான். அது நடுவில், வெயிலில் விழுந்தது. எடுக்க வேண்டுமானால் அவள் வெளிச்சத்துக்கு வர வேண்டும். அவள் வரவில்லை. குஞ்சு கத்தியது.

பொன்னலகன் சிறகை விரித்துச் சன்னலை மறைத்தான். உள்ளே இருட்டானது, காற்றும் நின்றது. குஞ்சு இன்னும் பலமாகக் கத்தியது.

"என்ன அண்ணே, கதவு வேலைக்குப் போய்விட்டாயா?" என்றது கருமந்தி.

அவன் திரும்பவில்லை. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியே அவர்கள், உள்ளே அவள். குஞ்சின் கத்தல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டு வந்தது.

"சிரித்தது நான்தான்" என்று சன்னலில் அலகை வைத்துச் சொன்னான்.

"உங்கள் குரல் எனக்குத் தெரியாதா?"

"இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?"

"முதலில் சொன்னதுதான். பாறைப் பக்கம் ஒரு கீறல். தலைக்கு மேல் ஒரு துளை."

மரங்கொத்தி அப்போது அத்தி மரத்தில், எல்லார் நடுவிலும் இருந்தது. பொன்னலகன் அங்கே போய்த் தனக்கு வேண்டியதைச் சொன்னான்.

"மேற்குச் சன்னலைக் காடே புகழ்ந்ததே. அதற்கு என்ன குறை?" என்றது மரங்கொத்தி. அது முதன்முதலாகக் கேட்ட கேள்வி அதுதான்.

பொன்னலகன் தலையைக் குனிந்துகொண்டான். "அது வெளியே இருப்பவர்களுக்காக நான் வைத்தது. உள்ளே இருப்பது என் மனைவி. நீங்கள் எல்லாரும் சிரித்தபோது யாரென்று தெரிந்தும் நானும் சிரித்தேன்."

கருமந்தி கையிலிருந்த பழத்தைத் தின்னாமல் கீழே வைத்தது.

மரங்கொத்தி இரண்டு வேலையையும் முடித்தது. மேலிருந்து விழுந்த வெளிச்சம் பொந்தின் சுவரில் பட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. பொன்னலகன் மேற்குச் சன்னலுக்குக் குறுக்கே இலைக்கொடியை இழுத்துவிட்டான். காற்றில் விலகும்போதெல்லாம் பறந்து வந்து சரிசெய்தான். பாறைப் பக்கக் கீறலில் பழத்தை வைத்தபோது அலகு வந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

புதுச் சிறகு முளைத்ததும் வெண்சிறகி பூச்சை உடைத்து வெளியே வந்தாள். இருவாச்சிகளின் வழக்கப்படி, சிறகு வளரும் வரை குஞ்சு உள்ளேயே தங்கி, வாசலைத் தானே பூசிக்கொள்ள வேண்டும்.

"எதை எவ்வளவு அடைப்பது என்பது உன் விருப்பம்" என்றாள் தாய்.

பொன்னலகன் மண் கொண்டுவந்து கொடுத்தான். இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

குஞ்சு மேற்குச் சன்னலை முழுவதும் பூசியது. பாறைப் பக்கத்தில் ஒரு கீறல் விட்டது. மேல் துளையைத் தொடவில்லை.

நீதி: வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்காக வீட்டைக் கட்டாதே, அதற்குள் வாழப் போகிறவரைக் கேட்டுக் கட்டு.