நாற்காலி உருக்கிப் போட்ட ரோடு

கொட்டாவிப்பட்டியில் யோசிக்கிற ஆள் ஒருவர்தான். அவர் பெயர் மாசிலாமணி. மற்றவர்கள் தங்களுக்கும் சேர்த்து அவரையே யோசிக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அவரும் சளைக்காமல் யோசித்தார். சோற்றைப் பிசையும்போதுகூட, வலப்பக்கமாகப் பிசைவது சரியா இடப்பக்கமாகப் பிசைவது சரியா என்று கையை நிறுத்திவிடுவார். அதற்குள் ரசம் ஆறிப்போகும்.

அந்த வருஷம் அவர் கவலையெல்லாம் மகள் செவ்வந்தியைப் பற்றித்தான். பக்கத்து ஊர் சங்கிலிமுத்துவின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். நல்ல இடம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. ஆனால் சங்கிலிமுத்து புதுசாகக் கார் வாங்கியிருந்தார். "கார் உங்க வாசல் வரைக்கும் வரணும். ரோடு போட்டீங்கன்னா ஆவணியில வந்து பூ வைக்கிறோம். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாசிலாமணியின் வீடு ஊரின் கடைசியில், தெரு வளைந்து திரும்பிய பிறகு இருந்தது. அந்தத் தெருவில் மாட்டுவண்டியே முனகிக்கொண்டுதான் போகும்.

நல்லவேளையாக ரோடு போட உத்தரவு வந்தது. ஓவர்சியர் ஊரைக் கூட்டி விவரம் சொன்னார். பிளாஸ்டிக்கை நறுக்கிச் சூடான ஜல்லியில் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதில் தாரைக் கலந்து போட்டால் ரோடு மழைக்குப் பெயராது. பிளாஸ்டிக்கை ஊர்க்காரர்கள்தான் சேர்த்துத் தரவேண்டும்.

"நல்லாக் கேட்டுக்கங்க. தூக்கி எறிஞ்ச பிளாஸ்டிக் மட்டும்தான் வேணும். கழுவி, காயவச்சு, புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கி வைங்க" என்றார்.

அவர் போனதும் ஊரே தேடியது. எறிந்த பிளாஸ்டிக் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கொட்டாவிப்பட்டியில் யாரும் எதையும் எறிவதில்லை. துணிக்கடைப் பையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். ஓட்டைக் குடத்தில் மண்ணைப் போட்டுத் துளசி நடுவார்கள். உடைந்த வாளியில் கோழி அடைகாக்கும்.

"அப்ப ரோடு கிடையாதா மாமா?" என்று கேட்டார் டீக்கடை ஒச்சுக்காளை.

மாசிலாமணி கண்ணை மூடினார். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

"எறிஞ்சது இல்லேன்னா என்ன? இனிமே எறிஞ்சா அதுவும் எறிஞ்சதுதானே" என்றார்.

"எங்க வீட்டு ஓட்டைக் குடத்தை எறியட்டுமா?"

"அதுல துளசி இருக்குடா. புழக்கத்துல இருக்கிற சாமானை யாராவது எறிவானா? புழங்காததாப் பார்த்து எடுங்க."

புழங்காதது என்றால் கடையிலிருந்து வாங்கி வந்து இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த புதுச்சாமான்தான். மாசிலாமணி வீட்டில்தான் அது நிறைய இருந்தது. செவ்வந்திக்குச் சீராக வாங்கி வைத்த சிவப்பு நாற்காலிகள், நீலக் குடங்கள், பச்சை வாளிகள்.

"அது பொண்ணுக்கு வாங்கினதுய்யா" என்றாள் மனைவி பூரணம்.

"ரோடு இல்லேன்னா மாப்பிள்ளை இல்ல. மாப்பிள்ளை இல்லாத வீட்டுல சீர் எதுக்கு?"

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. நாற்காலிகளுக்கு முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து, "நான் செய்யறது சரிதானா?" என்று கேட்டார். நாற்காலிகள் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் எறிதல் நடந்தது. ஊர்த்தலைவர் குருந்தப்பன் விசில் ஊத, ஒவ்வொருவராக வந்து எறிந்தார்கள். பூரணம் ஒரு குடத்தைக் கீறல் விழாமல் மெதுவாகத் தரையில் இறக்கினாள்.

"இது செல்லாது மதினி" என்றார் தலைவர். "நீங்க வச்சிருக்கீங்க, எறியல. எடுத்துட்டுப் போய் மறுபடி எறிஞ்சுட்டு வாங்க."

எல்லாவற்றையும் கழுவினார்கள், காயவைத்தார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அளவு பார்த்துப் பார்த்து நறுக்கினார்கள். ஒச்சுக்காளை வேகத்தில் கொட்டையையும் சேர்த்து நறுக்கிவிட்டார். பாதிக் கொட்டையை வைத்து அளந்தால் ரோடு பாதிதான் வருமோ என்று பயந்து, வேறு கொட்டை வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள்.

ஓவர்சியர் வந்து மூட்டைகளைத் திறந்து பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படிச் சுத்தமான கழிவை நான் பார்த்ததில்லை" என்றார். கொட்டாவிப்பட்டி வெட்கப்பட்டது.

மெஷின் வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டிக் கண்மாய்க்கரையில் குவித்தார்கள். புது ரோடு கருகருவென்று மாசிலாமணி வாசல் வரை நீண்டது. அவர் குனிந்து அதைத் தொடப்போனார்.

"கையை எடுங்க" என்றார் ஓவர்சியர். "நான் வந்து பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் யாரையும் ரோட்டுல விடக்கூடாது. யாராயிருந்தாலும் சரி."

அன்றே ஊர் எல்லையில் கயிறு கட்டியாகிவிட்டது. ஜனங்கள் கொல்லைப்புறமாகச் சுவரேறிக் குதித்துப் போய்வந்தார்கள். அடுத்த வாரம் ஓவர்சியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒச்சுக்காளை கயிற்றை இறக்கவில்லை.

"யோவ், நான்தான்யா."

"தெரியுது சார். நீங்க பார்த்துச் சரின்னு சொல்ற வரைக்கும் யாரையும் விடக்கூடாதாம்."

"அதைச் சொன்னதே நான்தானே."

"அதனாலதான் சார் விடமாட்டேங்கிறோம். வேற யாராவது சொல்லியிருந்தா விட்டிருப்போம்."

"உள்ள வராம நான் எப்படிப் பார்க்கிறது?"

மாசிலாமணியைக் கூட்டிவந்தார்கள். அவர் யோசித்து, "இங்கேருந்தே பாருங்க சார். நல்ல வெளிச்சம்தான்" என்றார்.

ஓவர்சியர் வெகுநேரம் வாதாடினார். கடைசியில், "தெரியுற வரைக்கும் சரி. போதுமா?" என்று வண்டியைத் திருப்பினார். அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அங்கிருந்து பார்த்தால் வளைவு வரைக்கும்தான் தெரியும். ஆகவே வளைவு வரை ரோடு சரி. வளைவுக்கு அப்பால், மாசிலாமணி வீடு வரை, இன்னும் யாரும் சரி என்று சொல்லாத ரோடு. சங்கிலிமுத்து வருவதற்கோ ஒரே நாள்தான் பாக்கி.

மாசிலாமணி வளைவில் நின்று யோசித்தார். கார் வாசலுக்கு வரவேண்டும். ரோட்டில் இறங்கக்கூடாது. நான் ஏன் கடைசி வீட்டில் பிறந்தேன் என்றும் நடுவில் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ரோட்டுக்கும் காருக்கும் நடுவுல எதையாவது போட்டு வச்சோம்னா, கார் அதுமேலதானே வரும்? ரோட்டுல வந்ததா ஆகாதுல்ல?"

"எதைப் போடறது மாமா?"

எல்லோரும் ஒரே சமயத்தில் கண்மாய்க்கரையைப் பார்த்தார்கள்.

பழைய ரோட்டைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து புது ரோட்டின் மேல் பரப்பினார்கள். குருந்தப்பன் மேற்பார்வை பார்த்தார். "வெள்ளைச்சாமி வீட்டுக்கு முன்னாடி ஒரு பள்ளம் இருந்துச்சே, அது எங்கேப்பா?" என்று கேட்டு, அதையும் ஞாபகமாக வைக்கச் செய்தார்.

மறுநாள் சங்கிலிமுத்துவின் கார் வளைவு வரை வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் பிறகு குதித்தது. வெள்ளைச்சாமி வீட்டுப் பள்ளத்தில் முன் பம்பர் கழன்று விழுந்தது. மீதிக் கார் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

சங்கிலிமுத்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரோடு போட்டாச்சுன்னு சொன்னீங்களே சம்பந்தி, எங்கே?" என்றார்.

மாசிலாமணி கடப்பாரையால் வாசலில் ஒரு குழி தோண்டினார். அடியில் கறுப்பாக மின்னியது. சங்கிலிமுத்து குனிந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. பத்திரமாவும் வச்சிருக்கீங்க. எங்க ஊர்ல அப்படியே வெயில்ல போட்டு வச்சிருக்கானுக. சரி, உட்கார நாற்காலி இல்லையா?"

"நீங்க இவ்வளவு தூரம் வந்தது பூராவும் நாற்காலி மேலதான் சம்பந்தி. சீர் சாமான் எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு."

சங்கிலிமுத்துவின் முகம் சுருங்கியது. உள்ளே கதவுக்குப் பின்னால் செவ்வந்தியின் வளையல் சத்தம் நின்றது.

"அப்ப சீரை நாங்க எப்படி எங்க வீட்டுக்குக் கொண்டுபோறது?"

நியாயமான கேள்வி. மாசிலாமணி கண்ணை மூடினார். இந்தத் தடவை சங்கிலிமுத்துவும் கூடவே கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஊரில் யோசிக்கிற ஆள் அவர்தானாம்.

முதலில் கண்ணைத் திறந்தவர் மாசிலாமணி. "இந்த ரோட்டையே உங்க வீட்டு வாசல் வரைக்கும் நீட்டிட்டா, சீர் தானா வந்து சேர்ந்துடும்ல?"

"அட, ஆமா" என்றார் சங்கிலிமுத்து. "அதுக்கு எங்க பங்குக்கு என்ன தரணும்?"

"தூக்கி எறிஞ்ச பிளாஸ்டிக்."

"என் பம்பர் அங்கே கிடக்கே."

"அது தானா விழுந்தது சம்பந்தி. செல்லாது."

சங்கிலிமுத்து பள்ளம் வரை நடந்துபோய்ப் பம்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குருந்தப்பன் விசிலை ஊதினார். உள்ளே பூரணம் குலவையிட்டாள்.

நல்ல எறிதல்தான். ஆனால் பம்பர் போய் விழுந்த இடம் வளைவைத் தாண்டியிருந்தது. ஓவர்சியர் சரி என்று சொன்ன ரோட்டிலிருந்து எதையாவது எடுத்தால் ரோடு சரியில்லாமல் போய்விடுமே, யாரிடம் கேட்டு அதை எடுப்பது என்று இரண்டு சம்பந்திகளும் வாசலில் குந்தவைத்து உட்கார்ந்து மறுபடி கண்ணை மூடினார்கள்.