ஆல்ட் கையை விட்ட நாள்

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு வாய் இருந்தது, கால் இருந்தது, பொறாமையும் இருந்தது. காகித நாட்டில் தீப்பிடித்தபோது எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்து விசைப்பலகையில் குடியேறின. அங்கே அறைகளோ கொஞ்சம். முதலில் வந்த மொட்டை எழுத்துகள் அவற்றைப் பிடித்துக்கொண்டன. தலையில் கீற்றும் புள்ளியும் சுமந்து வந்தவை மெல்லத்தானே வந்து சேரும்? அவற்றை நிலவறைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சொன்னது யார்? கூடப் பிறந்தவர்களேதான்.

நிலவறைக்கு ஒரே வழி, ஒரே கற்கதவு. அதைத் தூக்கத் தெம்புள்ளவள், விசைப்பலகையின் அடிவரிசையில் இருக்கும் ஆல்ட் (Alt) ஒருத்திதான். அது எந்த ஊர்ப் பெயரோ, என்னைக் கேட்காதீர்கள். மனிதர்கள் விரலால் அவளை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கதவைத் தூக்கி, கேட்ட எழுத்து ஏறி வரும்வரை தானே தாங்கிப் பிடித்திருப்பாள்.

கீழே ஒரே இருட்டு. ஒரு வருஷம் யாருமே கூப்பிடாவிட்டால் மை வற்றிச் செத்துப்போக வேண்டியதுதான். அங்கே கீற்றன் என்றொருவன் இருந்தான், தலையில் சாய்ந்த கீற்று வைத்த é. அவனுக்குத் தாயில்லாத ஒரு மகள். வருஷம் முடியப் பதினொரு நாளே பாக்கி.

"அக்கா, இன்னிக்காவது யாராச்சும் கூப்பிட்டாங்களா?" என்று தினமும் கேட்பான்.

"இல்லைப்பா" என்று சொல்லிச் சொல்லி ஆல்டுக்கு நெஞ்சே புண்ணாகிப்போனது.

பன்னிரண்டாம் நாளை அவன் பார்க்காமலே போயிருக்க வேண்டியது. ஆனால் மறுநாளே புதுச்சேரிக்காரர் ஒருவர் இறந்துபோன தன் அண்ணனின் பெயரைத் தட்ட உட்கார்ந்தார். ரெனே என்ற அந்தப் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் (René) கடைசி எழுத்து é. ஆல்ட் கதவைத் தூக்கினாள்.

"தம்பி, உன்னைத்தான்! ஓடி வா!"

"வந்துட்டேன் அக்கா, பிடிச்சுக்கோ!"

அன்று காலையிலிருந்து யாரோ வெயில் கணக்கு எழுதி, டிகிரிக் குறி வேண்டுமென்று நாற்பது தடவை கதவைத் தூக்க வைத்திருந்தார்கள். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. படியில் ஆளைக் காணோம்.

"வர்றியா தம்பி?"

பதில் இல்லை. படி குறுகல், கூரை தாழ்வு. தலைக்கீற்று இடிக்காமல் இருக்க அதைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டுதான் நிலவறைக்காரர்கள் ஏறுவார்கள். வாயில் கீற்று இருக்கும்போது எப்படிப் பேசுவது? ஆல்ட் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை. இத்தனை நாளும் படியேறுகிறவர்களிடம் கேள்வி கேட்க அவசியம் வந்ததில்லை. அவளுக்கு இது தெரியாது, பாவி.

பக்கத்து அறையிலிருந்து கீற்றனின் தம்பி, மொட்டை e, எட்டிப் பார்த்தான்.

"அண்ணன் தூங்கிட்டான் போல. நான் போய் நிக்கிறேன். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? கை நடுங்குது பாரு, விட்டுடு அக்கா."

"தம்பி, இருக்கியா?" என்று இன்னொரு தரம் கேட்டாள்.

சத்தமில்லை. அவள் கையை விட்டாள்.

கதவு விழுந்தது. கல்லோடு கல் மோதும் சத்தம் மட்டும் வரவில்லை.

பதறிப்போய்த் தூக்கிப் பார்த்தால், மேல்படியில் கீற்றன் நசுங்கிக் கிடந்தான். ஒரு கால் வெளியே வந்துவிட்டிருந்தது. ஐயோ, இன்னும் ஒரே எட்டுத்தான்! ஆல்ட் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குள் மொட்டை e திரையில் போய் நின்றுவிட்டான். புதுச்சேரிக்காரர் பெயரை ஒரு தடவை படித்தார். சரியாக இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்த மொட்டை e அண்ணன் கிடந்த கோலத்தைப் பார்த்தான். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சில நாள் கழித்து மறுபடியும் é வேண்டுமென்று அழைப்பு வந்தது. இந்த முறை போக வேண்டியவள் கீற்றனின் மகள். அப்பன் முகத்தை அப்படியே உரித்து வைத்தவள். கீழ்ப்படியில் நின்றவள் மேலே கால் வைக்கவில்லை.

"அத்தை, நீ கையை விடமாட்டேன்னு நான் எப்படி நம்புறது?"

"நம்பாதே கண்ணு. என் கையை நானே நம்பலை."

ஆல்ட் நிமிர்ந்து மேலே பார்த்தாள். "மனுஷா, இனி தட்டிட்டுப் போறதெல்லாம் நடக்காது. உன் விரலை என் மேல அழுத்திப் பிடி. இந்தப் பிள்ளை வெளிய கால் வைக்கிறவரைக்கும் எடுக்காதே. எடுத்தா அந்தச் சாவு உன் தலையில."

விரல் இறங்கி அவளை அழுத்தியது. பெண் கீற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

அந்த நாளிலிருந்துதான் கீழ்வீட்டு எழுத்து எது வேண்டுமானாலும், ஒரு விரல் ஆல்டை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொரு விரல் அடுத்த விசையைத் தட்ட வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டு முதல் விரலை எடுத்துவிட்டால் மொட்டை எழுத்துத்தான் வந்து நிற்கும், படிக்கிறவர்களும் சரியாக இருக்கிறது என்றே சொல்வார்கள்.